மூக்கின் ஊரில் ஒரு நாள்

நாசிக் என்னும் பெயர், மூக்கைக் குறிக்கும் 'நாசிகை' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. இலக்குவன் சூர்ப்பணகையின் மூக்கை அரிந்த இடம் அதுவே என்பர். பஞ்சவடியையும் சீதைக் குகையையும் இராமகுண்டத்தையும் காண்பதற்காகவும், அங்கிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் கோதாவரி பிறக்கும் திரியம்பகத்தில் வழிபடுவதற்காகவும் மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே சென்று வந்திருக்கும். நம் சங்கத்து அன்பர்களுக்கு அவ்வூரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை.

ஆயினும், இவ்வாண்டு தை மாதத்தில் நான் அங்குச் சென்றது தெய்வ தரிசனத்திற்காக அன்று. திராட்சை மது செய்யும் ஆலை ஒன்றைக் காண்பதற்காக. இதைப் படித்தவுடன் நேயர் சிலர் முகம் சுளிக்கக் கூடும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. மூன்று ஆண்டுகள் முகம் சுளித்துக்கொண்டு அவ்வூர்ப் பக்கமே போகாமல் இருந்தவன் நான்.

என் மகள் அந்த ஆலையில் பணி செய்கிறாள். இரசாயனம் படித்து, அதன்பின் உணவுத் தொழில்நுட்பம் பயின்றாள். பால் பண்ணையிலோ பிஸ்கட் தொழிற்சாலையிலோ சேருவாள் என்று எண்ணியிருந்தேன். ஒயின் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது என்று அவள் தொலைபேசியில் சொன்னபோது, "அந்த வேலையைப் பற்றி மட்டும் என்னிடம் பேசாதே" என்றேன். அவளும் பேசவில்லை. பண்டிகைக்கு வருவாள்; உறவினர் செய்தி, உடல்நலம், ஊர்ச் செய்தி எல்லாம் பேசுவாள்; வேலையைப் பற்றி ஒரு சொல்லும் அவள் வாயில் வராது. நான் கேட்டது அதைத்தான். ஆனால் கேட்டதைப் பெற்ற பிறகு எனக்கு நிம்மதி உண்டாயிற்று என்று சொல்ல முடியாது.

என் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. நாங்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியேறியவர்கள். 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் ஏட்டில் கடுமையாக இருந்த நாளிலேயே, தாராவிச் சந்துகளில் கள்ளச்சாராயம் காய்ச்சியது ஊரறிந்த செய்தி. என் அண்ணன் தோல் பதனிடும் சாலையில் வேலை பார்த்தார். அவரைப் போன்ற உழைப்பாளியைக் காண்பது அரிது. ஆனால் சனிக்கிழமைக் கூலி சந்து முனையைத் தாண்டி வீட்டுக்கு வராத வாரங்கள் பெருகின. முப்பத்து நான்காம் வயதில் ஈரல் கெட்டு மறைந்தார். அன்று என் தாயார் என் கையைப் பற்றி ஓர் உறுதி வாங்கிக்கொண்டார். இன்றுவரை அதனை நான் மீறியதில்லை. இனியும் மீறப் போவதில்லை. திருக்குறளில் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தைப் பிறர் படித்து அறிவர்; எங்கள் வீட்டில் அதைக் கண்டு அறிந்தோம்.

இவ்வாண்டு பொங்கலுக்கு மகள் வரவில்லை, அறுவடை தொடங்கிவிட்டதாம். வழக்கமாக என் மனைவிதான் அவளைப் போய்ப் பார்த்து வருவாள். இம்முறை இட்லி மிளகாய்ப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், முறுக்கு, அதிரசம் எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டு, "எனக்கு முழங்கால் வலி. நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்றாள். வலி மெய்யானதுதானா என்று நான் ஆராயவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு தாதர் நிலையத்துக்குப் புறப்பட்டேன்.

விடியற்காலையில் வரும் தபோவன் விரைவு வண்டியில் இடம் கிடைத்தது. கல்யாண் கழிந்து கசாரா வரும்வரை புறநகர்க் காட்சிகள்தாம். கசாராவிலிருந்து இகத்புரிவரை உள்ள தால் கணவாய்தான் இப்பயணத்தின் சிறப்பு. இப்பாதை 1865-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. முப்பத்தேழு அடி சென்றால் ஓரடி உயரும் ஏற்றம் ஆதலால், வண்டியின் பின்புறம் எஞ்சின்களை இணைத்து மேலே தள்ளுகின்றனர். குகைகளும் பள்ளத்தாக்குகளும் மாறி மாறி வருகின்றன. இகத்புரியில் சன்னலைத் திறந்தால் காற்றே வேறாக இருக்கிறது. மும்பையின் புழுக்கம் கீழே நின்றுவிடுகிறது. தக்காணப் பீடபூமியின் விளிம்பில் ஏறிவிட்டோம் என்பதை உடம்பே உணர்கிறது.

நாசிக் ரோடு நிலையத்தில் மகள் காத்திருந்தாள். பையை வாங்கிக்கொண்டு, "அம்மா வரவில்லையா?" என்றாள். "முழங்கால் வலி" என்றேன். அவள் சிரித்தாள். "தங்கும் வீட்டுக்குப் போகலாமா, அப்பா?" என்று கேட்டாள். "நீ வேலை செய்யும் இடத்தைக் காட்டு" என்றேன். அவள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தாள்.

நகரைக் கடந்து கங்காபூர் அணையின் பக்கம் சென்றோம். கோதாவரி அங்கே இன்னும் சிறு பிள்ளை. வங்கக் கடலை அடைய 1,465 கிலோமீட்டர் நடக்க வேண்டிய ஆறு, அணைக்குப் பின்னே அமைதியாகத் தேங்கிக் கிடக்கிறது. ஏரியைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் கம்பி கட்டிய வரிசைகளில் திராட்சைக் கொடிகள் நிற்கின்றன. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் ஆதலால் தை மாத இரவுகள் குளிர்ந்திருக்கும். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர் என்னும் இரண்டும் சேர்ந்தால்தான் பழத்தில் இனிப்பு ஏறும்போது புளிப்பும் அழியாமல் நிற்கும் என்று மகள் விளக்கினாள்.

குளிர் நாடுகளில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். வசந்தத்தில் துளிர்த்து, அங்குள்ள செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பழம் தரும். நம் நாட்டில் கொடிக்கு உறக்கமே இல்லை. ஆகையால் உழவர் ஆண்டுக்கு இருமுறை கவாத்துச் செய்கின்றனர். ஏப்ரல் மாதத்துக் கவாத்து அடுத்த விளைச்சலைத் தரவேண்டிய கிளைகளை வளர்ப்பதற்கு. செப்டம்பர், அக்டோபர் மாதத்துக் கவாத்து பூவும் காயும் வருவதற்கு. அறுவடை சனவரி முதல் மார்ச்சுவரை. மழைக்காலத்தில் பழுத்தால் பழம் அழுகும் என்பதால் பருவத்தையே மனிதன் மாற்றி வைத்திருக்கிறான்.

இந்நிலத்தில் உண்ணும் திராட்சை பல காலமாக விளைகிறது. மதுவுக்கு உரிய வகைகள் வந்தது அண்மையில்தான். 1997-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ராஜீவ் சாமந்த் என்பவர் தம் குடும்ப நிலத்தில் சாவின்யோன் பிளாங்க், செனின் பிளாங்க் என்னும் வெள்ளை வகைகளை நட்டார். தம் தாயார் சுலபாவின் பெயரைச் சுருக்கிச் 'சூலா' என்று பெயரிட்ட அந்த மது 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2001-இல் மகாராஷ்டிர அரசு திராட்சையைப் பதனிடும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. அதன்பின் ஆலைகள் பெருகின. 2005-இல் சூலா ஆலையில் பொதுமக்கள் வந்து சுவைத்துப் பார்ப்பதற்கென ஒரு கூடமும் திறக்கப்பட்டது. இன்று 'நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்' என்பது புவிசார் குறியீடு பெற்ற பெயர். என் மகள் வேலை செய்வது அவ்வட்டாரத்துச் சிறிய ஆலை ஒன்றில்.

நாங்கள் சென்றபோது விடியலில் பறித்த கடைசிக் கூடைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. வெயில் ஏறுமுன் பறித்தால்தான் பழத்தின் மணம் கெடாதாம். மகள் ஒரு பழத்தை நசுக்கிச் சாற்றைச் சிறு கருவி ஒன்றில் விட்டு, என்னைக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னாள். ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு சர்க்கரையின் அளவைச் சொல்லும் கருவி அது. இருபத்திரண்டு என்று காட்டியது. நூறு பங்கு சாற்றில் ஏறத்தாழ இருபத்திரண்டு பங்கு சர்க்கரை என்று பொருள். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அச்சர்க்கரையைத் தின்று, சாராயச் சத்தும் கரியமிலவாயுவும் ஆக்குகிறது. கறுப்புத் திராட்சையின் சாறும் நிறமற்றதே என்பதை அன்றுதான் அறிந்தேன். சிவப்பு மதுவின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருகின்றன. சிவப்புக்குச் சாற்றைத் தோலோடு ஊறவிடுகின்றனர். வெள்ளைக்குத் தோலை உடனே நீக்கிவிடுகின்றனர்.

உள்ளே ஆள் உயரத்தைவிட மும்மடங்கு உயர்ந்த எவர்சில்வர் தொட்டிகள் நின்றன. வெள்ளை மதுவின் தொட்டிகளைச் சுற்றிக் குளிர்நீர் ஓடுகிறது. பதினைந்து பாகை அளவிலேயே நொதிக்கவேண்டும், சூடேறினால் மணமெல்லாம் வாயுவோடு பறந்துவிடும். நான் சாராய நெடியை எதிர்பார்த்து மூச்சை அடக்கிக்கொண்டு நுழைந்தேன். நெடியை நான் அறிவேன். அண்ணனின் சட்டையில் அறிந்திருக்கிறேன். ஆனால் அங்கே வீசியது கொய்யாப்பழ மணம். தரையை நாளுக்குப் பலமுறை கழுவுகிறார்கள். எங்கள் ஊர்க் கோயில் மடைப்பள்ளிகூட அவ்வளவு தூய்மையாக இருந்து நான் கண்டதில்லை.

பிறகு சுவைக்கும் கூடத்துக்கு வந்தோம். ஒரு நீண்ட மேசையின்மேல் கண்ணாடிக் கிண்ணங்கள் வரிசையாக நின்றன. "நீங்கள் குடிக்க வேண்டாம், அப்பா. முகர்ந்து மட்டும் பாருங்கள். எங்கள் வேலையில் பெரும்பகுதி மூக்குக்குத்தான்" என்றாள் மகள். முகர்வதற்கு என் தாயார் தடை சொல்லவில்லை என்று எண்ணி உட்கார்ந்தேன்.

முதலில் கிண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வீட்டுக் காபித் தம்ளரின் விளிம்பு வெளிப்புறமாக மடிந்திருக்கும். உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ள அது ஏற்றது. சூடான காபியைத் தவராவில் ஆற்றவும் ஏற்றது. ஒயின் கிண்ணம் இதற்கு நேர்மாறு. அடியில் அகன்று மேலே குறுகி, விளிம்பு உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். எழும் மணம் வெளியே ஓடாமல் அந்தக் குறுகிய வாயின் கீழே திரண்டு நிற்பதற்காக இந்த அமைப்பு. கீழே ஒரு நீண்ட தண்டு உண்டு. அதைத்தான் பிடிக்க வேண்டும். கிண்ணத்தின் உடலைப் பிடித்தால் கையின் சூடு உள்ளே ஏறிவிடும். கண்ணாடி நிறமற்றதாகவும் வேலைப்பாடு அற்றதாகவும் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். நிறத்தைப் பார்க்க வெள்ளைத் தாளின்மேல் சாய்த்துப் பிடிக்கின்றனர்.

இதற்கென ஓர் அளவே உண்டு. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1977-இல் வகுத்த சுவைப்புக் கிண்ணம் ஏறத்தாழ 215 மில்லிலிட்டர் கொள்ளும்; அதில் ஊற்றுவது 50 மில்லிலிட்டர் மட்டுமே. முக்கால் பங்கு வெறுமையாக இருக்க வேண்டும். அந்த வெறுமைதான் மணத்துக்கு உரிய இடம். நுரைக்கும் மதுவுக்கு மட்டும் ஒடுங்கி உயர்ந்த கிண்ணம்; குமிழிகள் விரைவில் அடங்காமல் இருக்க அது உதவும். சூட்டின் அளவும் முக்கியம். வெள்ளை மதுவை எட்டு முதல் பன்னிரண்டு பாகைக்குள்ளும், சிவப்பைப் பதினைந்து முதல் பதினெட்டுக்குள்ளும் வைத்து அளிக்கின்றனர். மிகக் குளிர்ந்தால் மணம் எழாது; மிகச் சூடானால் சாராயத்தின் எரிச்சலே முன்னிற்கும்.

கிண்ணத்தை மேசையின்மேல் வைத்தபடியே மெல்லச் சுழற்றி, மூக்கை உள்ளே நுழைத்து முகர்ந்தேன். முதல் கிண்ணத்தில் அறுத்த புல்லும் பச்சைக் குடைமிளகாயும் மணந்தன. "சரியாகச் சொன்னீர்கள்! குடைமிளகாயில் உள்ள மணப்பொருளே சாவின்யோனிலும் இருக்கிறது" என்றாள். இரண்டாவது செனின், அதில் கொய்யாவும் தேனும். மூன்றாவது ஷிராஸ் என்னும் சிவப்பு. அதை முகர்ந்தவுடன் தயக்கமின்றிச் சொன்னேன்: "இது மிளகு. உன் பாட்டி மிளகு ரசத்துக்குப் பொடித்த மிளகு."

மகளுக்கு அருகில் நின்ற மராத்திய இளைஞர் வியந்து பார்த்தார். அவருக்கு ஷிராஸில் மிளகு மணமே தெரியாதாம். காரணம் உண்டு. 2008-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஷிராஸில் மிளகு மணம் தரும் பொருளைக் கண்டறிந்தனர். ரோட்டண்டோன் என்று அதற்குப் பெயர். நம் கருமிளகில் இருப்பதும் அதுவே. ஐவரில் ஒருவருக்கு அந்த மணம் சிறிதும் புலப்படுவதில்லை என்பதும் அவர்கள் ஆய்வில் தெரிந்தது.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு பழஞ்செய்தி நினைவுக்கு வந்தது. நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டில், யவனர் கப்பலில் வந்த மதுவை மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தி அரசனுக்கு அளிக்கும் காட்சி வருகிறது. புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945-இல் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த கூர்அடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் பல திராட்சை மது கொண்டு வந்தவை. உரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் துண்டுகளும் கிடைத்தன. அந்த யவனர் முசிறித் துறையில் பொன்னைக் கொடுத்து ஏற்றிச் சென்றது மிளகு. மது இங்கே வந்தது. மிளகு அங்கே சென்றது. இரண்டுக்கும் பொதுவான ஒரு மணம் உண்டு என்பதை இரண்டாயிரம் ஆண்டு கழித்து அறிவியல் சொல்ல, அதை என் மகளின் மேசையில் நான் முகர்ந்தேன்.

மேசையின் ஓரத்தில் ஒரு பாத்திரம் இருந்தது. மகளும் அவ்விளைஞரும் ஒரு வாய் எடுத்து, நாவில் உருட்டி, காற்றை உறிஞ்சி, அதில் உமிழ்ந்துவிட்டனர். எங்கள் பாட்டனார் வீட்டில் வெற்றிலை துப்புவதற்கு இருந்த படிக்கம் எனக்கு நினைவு வந்தது. "துப்பிவிடுகிறீர்களே?" என்றேன். "ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தொட்டிகளைப் பார்க்க வேண்டும். விழுங்கினால் பத்தாவது தொட்டியிலேயே நாக்கும் புத்தியும் மழுங்கிவிடும். அப்புறம் வேலை எப்படி நடக்கும்?" என்றாள். சளி பிடித்த நாளில் ரசம் ருசிப்பதில்லை அல்லவா? வாயில் இருக்கும் பொருளின் மணம் உட்புறமாக மூக்குக்கு ஏறுவதைத்தான் நாம் ருசி என்கிறோம். அதற்கு விழுங்க வேண்டிய தேவை இல்லை.

நண்பகலில் அவள் வீட்டில் சாப்பாடு. ஆலையில் உடன் பணிபுரிவோர் இருவரும் வந்திருந்தனர். அவர்களுக்குச் சிறிய கிண்ணங்களில் ஒயின், எனக்கு மோர். எந்த உணவுக்கு எந்த மது பொருந்தும் என்பது அவர்கள் தொழிலில் பெரிய பாடம். குடிக்காத எனக்கு அதை எப்படி விளக்குவது? மகள் எளிய வழி கண்டாள்.

அதிரசத்தைத் தின்றுவிட்டு மோரைக் குடிக்கச் சொன்னாள். முன்பு இதமாக இருந்த மோர் கடும் புளிப்பாகிவிட்டது. "இதுதான் முதல் விதி. உணவைவிட மதுவில் இனிப்புக் குறைந்திருந்தால் மது வெறும் புளிப்பாகத் தோன்றும்." பிறகு நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அதே மோரைக் குடிக்கச் சொன்னாள். மோரின் புளிப்பே தெரியவில்லை. "புளிப்பான உணவுக்குப் புளிப்பான மது. நம் புளிக்குழம்புக்கும் எலுமிச்சை சாதத்துக்கும் சாவின்யோன் ஈடு கொடுக்கும்; புளிப்புக் குறைந்த மது அதன்முன் சப்பென்று போய்விடும்."

அடுத்து, கறுப்புத் திராட்சையின் தோலையும் கொட்டையையும் மெல்லச் சொன்னாள். பச்சைப் பாக்கைக் கடித்தாற்போல வாயெல்லாம் துவர்த்தது. ஒரு வாய் தயிர்சாதம் உண்டேன், துவர்ப்பு மறைந்துவிட்டது. துவர்ப்புப் பொருள் உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறள்கிறது. தயிர், பனீர், இறைச்சி ஆகியவற்றில் புரதமும் கொழுப்பும் இருப்பதால் அதன் கடுமை தணிகிறது. சிவப்பு மதுவை இத்தகைய உணவோடு சேர்ப்பது இதனால்தான். அறுசுவையுள் துவர்ப்பை ஒன்றாக எண்ணிய நம் முன்னோர்க்கு இப்பாடம் புதிதன்று.

மிளகாய்ப்பொடிதான் கடைசிச் சோதனை. மராத்திய இளைஞர் என் மனைவியின் பொடியோடு இட்லியைத் தின்று, சாராயச் சத்து மிகுந்த சிவப்பு மதுவை ஒரு வாய் குடித்து, கண்ணில் நீர் தளும்பத் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். காரம் உறைக்கும் நரம்புகளைச் சாராயச் சத்து மேலும் தூண்டிவிடுகிறது. அதே இட்லிக்குச் சற்று இனிப்புள்ள, நன்கு குளிர்ந்த செனின் அமைதியாகப் பொருந்தியது. முறுக்கின் உப்புக்கும் எண்ணெய்க்கும் நுரைக்கும் மது ஏற்றதென்று மூவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். கொண்டுபோன முறுக்கு அன்றே தீர்ந்துவிட்டது.

மாலையில் சுவைக்கும் கூடத்தில் வேறொரு காட்சி கண்டேன். காரில் வந்த இளைஞர் கூட்டம் ஒன்று. நிறம் பார்க்கவும் இல்லை, மணம் பார்க்கவும் இல்லை. கிண்ணத்தை நிரப்பச் சொல்லிக் கவிழ்த்துக்கொண்டிருந்தனர். வண்டி ஓட்ட வேண்டியவரும் மூன்றாம் கிண்ணம் கேட்டார். என் மகள் அவர்முன் தண்ணீரை வைத்து, "உங்களுக்கு இனி இல்லை. வண்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள்" என்று மராத்தியில் உறுதியாகச் சொன்னாள். அவர் முணுமுணுத்தார். அவள் அசையவில்லை.

பிறகு இருவரும் ஏரிக்கரையில் நடந்தோம். மூன்று ஆண்டுகளாக மனத்தில் இருந்த கேள்வியைக் கேட்டேன்: "உன் பெரியப்பாவைக் கொன்றது இதுதானே, அம்மா?"

அவள் உடனே மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மறுக்கவில்லை. "உள்ளே இருக்கும் சாராயச் சத்து ஒன்றுதான், அப்பா. நல்ல கிண்ணத்தில் ஊற்றினால் அது வேறாகிவிடாது. அளவு எதுவாயினும் உடலுக்குத் தீங்கற்றது என்று சொல்ல முடியாது என உலகச் சுகாதார நிறுவனமே 2023-இல் அறிவித்திருக்கிறது. அதை நான் மறைப்பதில்லை. பெரியப்பா குடித்தது மறப்பதற்காக. நான் செய்வது கவனிப்பதற்கான வேலை. இங்கு வருபவர்களில் பத்துப் பேராவது கவனிக்கக் கற்றுக்கொண்டு, அரைக் கிண்ணத்தோடு எழுந்து போனால் எனக்கு அது போதும். எல்லாரும் அப்படிப் போவதில்லை. அதுவும் எனக்குத் தெரியும்."

நான் பதில் சொல்லவில்லை. அவள் சொன்னதில் நான் ஒப்புக்கொண்டதும் உண்டு, ஒப்பாததும் உண்டு. மது நல்லதென்று இன்றும் நான் சொல்லேன். குடியால் கெட்ட குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அரைக் கிண்ணம் என்னும் அளவு எளிதில் கைவருமா என்னும் ஐயம் எனக்கு நீங்கவில்லை. ஆனால் தன் பொருளின் குற்றத்தைத் தானே எடுத்துச் சொல்லும் தொழிலாளியை நான் அதிகம் பேரைக் கண்டதில்லை. என் மகள் என்ன செய்கிறாள் என்பதை அறியாமலே அதை வெறுத்திருந்தேன். அறியாமல் வெறுத்தது பிழை.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். சனவரி முதல் மார்ச்சுவரை சென்றால் அறுவடையைக் காணலாம். ஆலைகள் பலவற்றில் தோட்டத்தையும் தொட்டிகளையும் சுற்றிக் காட்டுகின்றனர். முன்னதாகவே நேரம் குறித்துக்கொள்வது நலம். சனி, ஞாயிறுகளில் கூட்டம் மிகுதி. குடிக்காதவர்கள் தயங்க வேண்டியதில்லை. முகர்ந்து பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. சுவைப்பவர்கள் வண்டி ஓட்டலாகாது. காலையில் இராமகுண்டத்தையும் பஞ்சவடியையும் கண்டுவிட்டுப் பிற்பகலில் தோட்டத்துக்குச் சென்றால் ஒரே நாளில் இரண்டும் கூடும்.

புறப்படும்போது மகள் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். வீட்டில் என் மனைவி அதில் காபி டிகாக்‌ஷனைச் சிறிது ஊற்றிச் சுழற்றி முகர்ந்து பார்த்து, கடைக்காரர் இம்முறை சிக்கரியை அதிகம் சேர்த்துவிட்டார் என்று கண்டுபிடித்தாள். அதுமுதல் அக்கிண்ணம் எங்கள் வீட்டில் அப்பணியைச் செய்து வருகிறது.

மார்ச்சு மாதத்தில் ஒரு நாள் மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். வழக்கமான செய்திகள் முடிந்தபின், "ஷிராஸ் பறித்தாயிற்றா? இவ்வாண்டும் மிளகு மணம் வந்திருக்கிறதா?" என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு பேசத் தொடங்கினாள். அரை மணி நேரம் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.